காதுக்கு இரண்டு மொழி, கண்ணுக்கு ஒன்று

தினமலர் எந்த ஊர்ப் பத்திரிகை என்று எங்கள் பக்கம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மதுரை என்பார்கள், மீதிப் பேர் நம்ம திருநெல்வேலிதான் என்பார்கள். அது பிறந்த ஊர் திருவனந்தபுரம். 1951 செப்டம்பர் 6 அன்று டி.வி. ராமசுப்பையர் அங்கேதான் அதைத் தொடங்கினார். அப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்தன. செங்கோட்டையும் அந்தப் பக்கம்தான். ஊரில் தமிழ், தலைநகரத்தில் மலையாளம். அரசாங்கம் என்ன செய்கிறது என்று தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள இந்த ஜனங்களுக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. நேசமணி தலைமையில் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்த காலம். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1 அன்று எல்லை மாறியது. மறு வருஷம் பத்திரிகையும் திருநெல்வேலிக்குக் குடிவந்துவிட்டது.

வாசகர்களில் பெரும்பாலானவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டபோது தாளும் வந்தது நியாயம்தான். ஆனால் திருவனந்தபுரம் நகரத்துக்குள்ளேயே இருந்த தமிழர்கள் எங்கேயும் போகவில்லை. சாலைக் கடைத்தெரு, வலியசாலை, கரமனை, மணக்காடு என்று தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தச் சாலைக் கடைத்தெருவில்தான். அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வள்ளியூரில். அப்பா பத்திரிகை ஏஜெண்ட். அவருக்குப் பிறகு நானும் அந்தத் தொழிலைத்தான் பார்த்தேன். விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே வேன் வந்து கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். தார்ச்சாலை ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து கட்டைப் பிரித்து, இணைப்பிதழைச் சொருகி, லைன் பையன்களுக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். புது மையின் வாடை விரல் நுனியில் ஏறிவிட்டால் குளித்தாலும் போகாது. காப்பி டம்ளரைத் தூக்கும்போது அதுதான் முதலில் மூக்கில் அடிக்கும். தினத்தந்தி, தினமலர், தினமணி எல்லாம் இப்படி இருட்டோடு இருட்டாக வந்து, வெயில் ஏறுவதற்குள் வீடுகளுக்குப் போய்விடும். அப்புறம் நாகர்கோவில் பஸ்ஸில் ஒரு சின்னக் கட்டு வரும். அது மலையாளத் தாள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை நிலையம் வந்தபிறகு பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர்ப் பக்கம் மலையாளக் குடும்பங்கள் நிறைய வந்தன. அவர்களுக்காக மலையாள மனோரமாவும் மாத்ருபூமியும் அப்பா வரவழைப்பார்.

அந்தக் கட்டு வர லேட்டானால் அந்த வீடுகளிலிருந்து ஆள் வந்து நிற்கும். தமிழ் நன்றாகவே பேசுவார்கள், தமிழ்ப் படம் பார்ப்பார்கள், எங்கள் கடைப் பலகையில் தமிழ்த் தாள் விரிந்து கிடக்கும். ஆனாலும் அதை எடுத்துப் புரட்ட மாட்டார்கள். எழுத்து தெரியாது. மலையாளத் தாளுக்காகவே காத்திருப்பார்கள். அப்பா மட்டும் என்ன? மலையாளத்தில் யாரோடும் சரளமாகப் பேசுவார். ஆனால் தான் விற்கிற மனோரமாவின் தலைப்பை எழுத்துக் கூட்டத் தெரியாது. பெயர்ப் பட்டையின் வடிவத்தை வைத்துத்தான் எது எந்தத் தாள் என்று பிரிப்பார்.

எனக்கு இதில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இரண்டு மொழி புழங்குகிற இடத்தில் காது சீக்கிரமே இரண்டையும் பழகிக்கொள்கிறது. கண் அப்படிப் பழகுவதில்லை. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும், சின்ன வயசு வேண்டும். அதனால் வானொலி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, பத்திரிகை ஜனங்களைப் பிரித்தது. இதைப் பத்திரிகைக்காரர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

வானொலியைச் சொன்னேன் இல்லையா, எங்கள் வீட்டு மர்பி ரேடியோவில் மத்திய அலையில் முள் 12-ஐத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றால் திருநெல்வேலி. 1197 கிலோஹெர்ட்ஸ். அங்கிருந்து இடப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளினால் திருவனந்தபுரம், 1161. பஸ்ஸில் போனால் அரை நாள், ரேடியோவில் இவ்வளவுதான் தூரம். திருவனந்தபுரம் நிலையம் மூத்தது. திருவிதாங்கூர் சமஸ்தானமே 1943-இல் தொடங்கி நடத்தியது. 1950 ஏப்ரலில் ஆல் இந்தியா ரேடியோ எடுத்துக்கொண்டது. வழுதக்காட்டில், திவான் சி.பி. ராமசாமி ஐயர் குடியிருந்த பக்தி விலாசம் வளாகத்தில் இயங்குகிறது. நம்ம திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது. அப்பா டெல்லிச் செய்தியைச் சரோஜ் நாராயணசாமி குரலில் கேட்டு முடித்துவிட்டு முள்ளைத் தள்ளி மலையாளச் செய்தியையும் கேட்பார். இங்கே வராத சேதி அங்கே வரும் என்பார்.

தென்காசியில் இருந்த பெரியப்பாவுக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். குற்றாலத்தில் சீசன் கடை ஏலம் எடுப்பவர். மே கடைசியில் திருவனந்தபுரம் வானொலியை விட்டு நகர மாட்டார். தென்மேற்குப் பருவமழை முதலில் கேரளத்தில் இறங்கும், அப்புறம் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இந்தப் பக்கம் வரும், அருவியில் தண்ணீர் விழும், கூட்டம் வரும். திருவனந்தபுரத்துக்காரன் மழை தொடங்கிவிட்டது என்று சொன்ன அன்றைக்கே நேந்திரங்காய் சிப்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். மலையாள எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

கடற்கரைப் பக்கம் இன்னொரு கதை. உவரியிலும் கூடங்குளத்திலும் இலங்கை வானொலிதான். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் வயசுக்காரர்கள் எல்லாரும். கொழும்பிலும் ஒரே நிலையத்திலிருந்து சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனிச் சேவை. 1982-இல் ரூபவாகினி வந்தபிறகு உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டிச் சிங்களத்தில் கிரிக்கெட் பார்த்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். டிவியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1985-இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள நிகழ்ச்சிகள் வந்தன. 1993 ஏப்ரலில் சன் டிவியும் ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் வந்தன. அக்கா வீட்டில் ஒரே பெட்டியில் இரண்டும் ஓடின. யாரும் சண்டை போடவில்லை.

பத்திரிகைக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்கும் நமக்கும் பத்திரிகையில் இன்னொரு பழைய உறவு உண்டு. அது நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. வக்கம் மௌலவி 1905-இல் சுதேசாபிமானி என்று ஒரு மலையாளப் பத்திரிகை தொடங்கினார். அதன் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை, நெய்யாற்றின்கரைக்காரர். திவான் ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனை ஊழலையும் விடாமல் எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரைக் கைது செய்து, சமஸ்தானத்துக்கு வெளியே கடத்தினார்கள். கொண்டுவந்து விட்ட இடம் திருநெல்வேலி. 1916-இல் கண்ணூரில் இறக்கும்வரை அவர் சொந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை. ஒரு ஆசிரியரை நாடு கடத்த நம் ஊர், ஒரு பத்திரிகை இடம் மாறி வரவும் நம் ஊர். தாமிரபரணிக் கரைக்கு இது சின்னப் பெருமை இல்லை. நெல்லையில் பத்திரிகை நடத்துகிற ஒவ்வொருவரும் அந்த மனுஷனைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இப்போது அக்கா விஷயம். அத்தான் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு எழுத்தும் தெரியும். கடைக்குக் கேரளகௌமுதி, வீட்டுக்கு ஒரு தமிழ்த் தாள். காலையில் கடை திறக்கப் போவதற்கு முன்னால் மலையாளத் தாளைப் புரட்டி, ஊர்ச் சேதியை அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த வழியில் பஸ் போகாது, எந்த ஆஸ்பத்திரியில் முகாம் என்று. அவர் இருந்தவரை அக்காவுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அவர் போனபிறகு நான் ஒரு தடவை போய் நான்கைந்து நாள் தங்கினேன். காலையில் தமிழ்த் தாள் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். படித்துவிட்டு என்னிடம் கேட்கிறாள்: "ஏலே தம்பி, வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுல ஆக்கிரமிப்ப எடுத்துட்டாங்களாமே?" எனக்கே தெரியாத சேதி. நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விலை அவளுக்குத் தெரிகிறது. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏன், எப்போது வரும் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் முந்தின நாளே பிடித்து வைத்துவிட்டார்கள். மலையாளத் தாளில் அறிவிப்பு போட்டிருந்தார்களாம்.

அவள் வாங்குகிற தமிழ்த் தாள் எல்லைக்கு இந்தப் பக்கம் அச்சாகி வருவது. அதன் உள்ளூர்ப் பக்கம் நம் மாவட்டங்களின் உள்ளூர்ப் பக்கம். கேரளச் செய்தி என்று அதில் வருவது முல்லைப் பெரியாறு, சபரிமலை, முதலமைச்சர் பேச்சு. கல்யாணமானதிலிருந்து அவள் வாழ்கிற நகரம் அதில் இல்லவே இல்லை. அந்த ஊரில் ஓட்டுப் போடுகிறாள், வரி கட்டுகிறாள். தன் வார்டில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று அவள் மொழியில் சொல்ல ஆள் இல்லை. தாள் நடத்துவதில் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். கட்டுக்கணக்கு பார்க்காமல் பக்கம் ஒதுக்க முடியாது; ரிட்டர்ன், அதாவது விற்காமல் திரும்புகிற தாள், அதிகமானால் அந்த லைனையே நிறுத்துவார்கள். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: ஒரு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி, சாலைச் சந்தை விலை. திருவனந்தபுரத்தில் சந்தா கட்டுகிற தமிழ்க் குடும்பத்துக்கு அந்த அரைப் பக்கத்தைக் கொடுப்பது மரியாதை.

அக்காவின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு. ஆனால் இவள் படிப்பது வேறு பள்ளியில், ஆங்கிலமும் மலையாளமும். வீட்டில் தமிழ் பேசுவாள், அ, ஆ தெரியாது. ஆற்றுகால் பகவதி கோவில் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் நான் அங்கே இருந்தபோது பார்த்தேன். பொங்கல் அன்றைக்கு நகரமே அடுப்பாகிவிடும். எந்த வழி அடைப்பு, எங்கே தண்ணீர் லாரி, எப்போது அடுப்புப் பற்ற வைக்கிற நேரம் என்று மலையாளத் தாளில் பெரிய படத்தோடு போட்டிருந்தார்கள். பேத்தி தரையில் தாளை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு உரக்க வாசித்தாள். அக்கா செங்கலைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நடுவில், "அட்டக்குளங்கரை வழியா விடமாட்டாங்களா, திரும்ப வாசி" என்றாள். வாசித்து முடித்ததும் பேத்தி தமிழ் வாரப் பத்திரிகையைத் தூக்கி ஆச்சி மடியில் போட்டாள்: "ஆச்சி, இப்ப நீங்க. அந்தத் தொடர்கதை." அக்கா கண்ணாடியைத் தேடினாள்.

அங்கேதான் எனக்குத் தோன்றியது. பேத்தியிடம் சொன்னேன், அந்த மலையாளத் தாளின் உள்ளூர்ப் பக்கத்தைத் தினமும் பார்த்து, சாராம்சத்தைத் தமிழில் ஐந்து நிமிஷம் பேசி வாட்ஸ்அப்பில் ஆச்சிக்கு அனுப்பம்மா, அவளோடு கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் அனுப்பு என்று. செய்கிறாள். பள்ளிக்குப் போகும் முன்னால் குரல் வந்துவிடும். "வணக்கம், இன்னைக்குத் தண்ணி எங்க வராதுன்னா" என்றுதான் தொடங்குவாள். வலியசாலைக்காரர்கள் சேர்ந்தார்கள், கரமனையிலிருந்து சேர்ந்தார்கள், இப்போது காய்கறி விலையும் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கும் வருகிறது. வள்ளியூரில் உட்கார்ந்து நானும் கேட்கிறேன்.

அடுத்த மார்ச்சில் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அந்தச் சமயத்தில் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திருவனந்தபுரத்தில், அதிலும் கோட்டைக்குக் கிழக்கே இருப்பவர்கள், மலையாளம் வாசித்துத் தமிழில் சொல்ல முடிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். காலையில் ஏழு மணிக்குள் குரல் வர வேண்டும், அதற்குப் பிறகு குழாய் நின்றுவிடும்.