விசுவாசம் எவ்வளவு இருந்தால் போதும்?

"எனக்கு விசுவாசம் பத்தல." கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துச் சபைகளில் ஜெபக்கூட்டம் முடிந்ததும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நோய் தீராமல் படுத்திருப்பவரிடம் போய் "உங்க விசுவாசம் குறைவு" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இப்படிச் சொல்லும்போது விசுவாசமே ஒரு கிரியையாகி, இரட்சிப்பைச் சம்பாதிக்கச் செய்யும் செயலாகிவிடுகிறது. தானதர்மத்தால் சம்பாதிக்க முடியாததை இப்போது மன உறுதியால் சம்பாதிக்கச் சொல்கிறோம்.

எபேசியர் 2:8 அப்படிச் சொல்லவில்லை. கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது. காரணம் கிருபை, விசுவாசம் அதைப் பெற்றுக்கொள்ளும் வழி. லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான, 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காம் பிரிவும் இதையே சொல்கிறது: கிறிஸ்துவினிமித்தம், விசுவாசத்தின் மூலமாக, இலவசமாக நீதிமானாக்கப்படுகிறோம், அதாவது தேவனுக்கு முன் நீதிமான்களாக எண்ணப்படுகிறோம். கிருஷ்ணகிரிக்கு இது பழைய செய்தி. அமெரிக்காவின் மிசோரி லுத்தரன் சபை வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகள் தியோடர் நேத்தரும் பிரான்ஸ் மோனும் 1895-இல் ஊழியத்தைத் தொடங்கியது இங்கேதான். நேத்தர் 1904-இல் பிளேக் நோயில் இறந்தார்.

"அற்பவிசுவாசியே என்று இயேசுவே கடிந்துகொண்டாரே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மத்தேயு 14:31-ஐ வரிசை மாறாமல் வாசிக்க வேண்டும். கடலின்மேல் நடந்துவந்த பேதுரு பயந்து அமிழ்ந்துபோகிறான். இயேசு உடனே கையை நீட்டிப் பிடிக்கிறார். கடிந்துகொண்டது அதற்குப் பிறகு. விசுவாசம் தேறட்டும், அப்புறம் தூக்குகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. ஆகவே நோயாளியின் வீட்டுக்குப் போனால் அவருடைய விசுவாசத்தை அளக்காதீர்கள். மாற்கு 9:24-ஐ வாசித்து, அங்கே தன் மகனுக்காக இயேசுவிடம் மன்றாடிய தகப்பனின் வார்த்தைகளாலேயே ஜெபியுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

அதிகக் குழப்பம் வருவது யாக்கோபு 2:24-இல். மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு. விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறோம் என்று ரோமருக்கு எழுதிய பவுலோடு இது மோதுவதுபோலத் தெரியும். இருவரும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஆதியாகமத்தில் காலக்கணக்கைப் பாருங்கள். ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) விசுவாசித்தது நீதியாக எண்ணப்பட்டது 15:6-இல். இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86 வயது. விருத்தசேதனம் 99 வயதில், 17-ஆம் அதிகாரத்தில். குறைந்தது 13 ஆண்டு இடைவெளி. ரோமர் 4:10-இல் பவுலின் வாதமே இதுதான்: சடங்குக்கு முன்பே நீதி எண்ணப்பட்டாயிற்று. யாக்கோபு எடுத்துக்காட்டுவது ஈசாக்கைப் பலியிடப் போன 22-ஆம் அதிகாரத்தை. அது இன்னும் பிந்தியது. யாக்கோபு கண்டிக்கும் விசுவாசம் எது என்பதற்கு 2:19 போதும்: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. வெறும் ஒப்புக்கொள்ளுதலை அவர் மறுக்கிறார். கிறிஸ்துவைச் சார்ந்திருப்பதை மறுக்கவில்லை.

தர்மபுரி மறைமாவட்டத்துக் கத்தோலிக்க வீடுகளோடு சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. "அவங்க நற்செயலால மோட்சம்னு நம்புறவங்க" என்று சொல்லி முடித்துவிடுவது தவறு. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கமே கிருபைதான் முதலில் என்றது. விசுவாசத்தை நீதிமானாக்கப்படுதலின் தொடக்கம், அடித்தளம், வேர் என்றது. அன்பும் நம்பிக்கையும் சேராத தனி விசுவாசம் போதாது என்பதில்தான் அது சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரோடு முரண்பட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதுபற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மிசோரி சபை அதை ஏற்கவில்லை. வேறுபாடு இன்னும் இருக்கிறது. ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

திடப்படுத்தல் வகுப்பு (பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு) எடுப்பவர்கள் யாக்கோபிலிருந்து தொடங்க வேண்டாம். பிள்ளைகள் உடனே செய்யவேண்டிய நற்செயல்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் ரோமர் 3:21–28, அடுத்து 4-ஆம் அதிகாரம் முழுவதும், பிறகு எபேசியர் 2:8–10, கடைசியாக யாக்கோபு 2:14–26. ஒரு வகுப்புக்கு ஒரு பகுதி போதும். எபேசியரில் 9-ஆம் வசனத்தோடு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. அங்கே நிறுத்தினால் நற்கிரியை வேண்டாத சரக்கு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்பது 10-ஆம் வசனத்தில் இருக்கிறது. 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வையுங்கள்.