சூரியப் பாய்க்குத் தண்ணீர் எங்கே?

சூரிய ஒளியின் தள்ளலிலேயே விண்கலத்தை ஓட்ட, அதில் விரிக்கும் மெல்லிய பெரிய பாய்தான் சூரியப் பாய் (solar sail). அதைச் சொன்னதும் பலரும் சொல்வது, "காற்றுக்குப் பதிலா வெளிச்சம், அவ்வளவுதான்". பாதி சரி. விட்டுப்போன மறுபாதி தண்ணீர். பாய்மரக் கப்பலைக் காற்று மட்டும் ஓட்டுவதில்லை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, கப்பலின் அடியில் நீளவாக்கில் இறங்கியிருக்கும் கட்டை தண்ணீரில் ஊன்றிக்கொண்டு அந்த நகர்வைத் தடுக்கிறது, மிஞ்சும் விசைதான் கப்பலை முன்னே கொண்டுபோகிறது. எதிர்க்காற்றிலும் வலமும் இடமுமாக மாறி மாறி வளைந்து முன்னேற முடிவது இந்தப் பிடிமானத்தால்தான். விண்வெளியில் ஊன்றிக்கொள்ள எதுவுமே கிடையாது. அப்புறம் எப்படி ஒரு சூரியப் பாய் சூரியனை நோக்கியே போக முடியும்?

போக முடியும். பூமியிலிருந்து கிளம்பிய கலம் ஏற்கெனவே சூரியனை நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாயில் பட்டுத் திரும்பும் ஒளி, பாயின் தளத்துக்குச் செங்குத்தாகத் தள்ளும். அந்தத் தள்ளலில் ஒரு பங்கு கலம் ஓடும் திசையில் விழும்படி பாயைச் சாய்த்தால் சுற்றுப்பாதை விரிந்துகொண்டே போகும். எதிர்த்திசையில் விழும்படி சாய்த்தால் அது பிரேக், பாதை சுருங்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையைச் சூரியனின் ஈர்ப்பே பார்த்துக்கொள்ளும். கப்பலுக்குத் தண்ணீர் செய்வதை இங்கே ஈர்ப்பு செய்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாயைத் தள்ளுவது சூரியக் காற்று இல்லை. சூரியனிலிருந்து கிளம்பி வரும் அந்தத் துகள்களின் அழுத்தம் ஒளியின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

சரி, ஒளியாவது பலமாகத் தள்ளுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா 2010 மே மாதம் ஏவிய இகாரோஸ் என்ற சூரியப் பாய்க் கலத்தின் பாய் பக்கத்துக்கு 14 மீட்டர் உள்ள சதுரம், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு பெரிய பாயில் கிடைத்த விசை 1.12 மில்லிநியூட்டன், அதாவது 0.1 கிராம் சொச்சம் பொருளின் எடை. கலமோ சுமார் 310 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு நாள் முழுக்கத் தள்ளியும் வேகம் நொடிக்கு 30 செ.மீ. அளவுக்குத்தான் கூடும். ஆனால் எரிபொருள் தீராது, இரவு வராது, நாள் கணக்கில் அது சேர்ந்துகொண்டே போகும். இகாரோஸைத் திருப்பிய விதம் இன்னும் அழகு: பாயின் ஓரங்களில் திரவப் படிகத் தகடுகள், மின்சாரம் கொடுத்தால் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிக்கும், நிறுத்தினால் ஒளியைச் சிதறடிக்கும். ஒரு ஓரத்தில் தள்ளல் கூடி எதிர் ஓரத்தில் குறைந்தால் பாய் மெல்லத் திரும்பும். கயிறும் இல்லை, சுக்கானும் இல்லை.

காற்று வீசும் திசையிலேயே நேராகப் போகும் கப்பல் காற்றின் வேகத்தை நெருங்க நெருங்க அதன் பாய் தொய்ந்துவிடும். ஒளியின் வேகத்துக்கு முன்னால் நம் கலத்தின் வேகம் ஒன்றுமே இல்லை என்பதால் இங்கே அந்தத் தொல்லை கிடையாது. தூரம்தான் தொல்லை. வியாழனுக்குப் போவதற்குள் தள்ளல் 27-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் வெகுதூரம் போக நினைக்கும் திட்டங்களில், பாயை முதலில் சூரியனுக்கு மிக அருகே இறக்கி, தள்ளல் பல மடங்கு கூடும் இடத்தில் வேகம் ஏற்றிக்கொண்டு வெளியே விடலாம் என்ற யோசனை உண்டு. அந்தச் சூட்டில் மெல்லிய பாய் சிதையாமல் இருக்க வேண்டும், பெரிய சவால் அதுதான்.