உப்பளத்து நேரத்தில் ஒரு பாலைவனப் பயணம்

அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் 31 ஆண்டுகள் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 2023 ஜூனில் அவரும் அம்மாவும் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸில் என் வீட்டுக்கு வந்தபோது வெளியே 40 டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தியது. நான்கு நாள் லீவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, மான்யுமென்ட் வேலியின் செங்குன்றுகள், ஆர்ச்சஸ் பூங்காவின் கல் வளைவுகள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜூனில் பாலைவனத்துக்கா, அதுவும் வயதானவர்களோடா என்று நண்பர்கள் தடுத்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் பயப்படவில்லை. "வெயில் என்ன செய்யும் பாப்பா, அதோடு போட்டி போடாமல் இருந்தால் போதும்" என்றார்.

பயணத் திட்டம் அவருடையது. உப்பளத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துவிட வேண்டும். அதே கணக்கை எங்களுக்கும் வைத்தார். அதிகாலை மூன்று மணிக்கு எழுவது, பத்து மணிக்கு நிழலில் ஒதுங்குவது, மாலை ஐந்துக்குமேல் மறுபடி கிளம்புவது. அம்மா இதற்கு 'உப்பளத்து நேரம்' என்று பெயர் வைத்தாள். பிறகு நான்கு நாளும் எங்கள் பேச்சில் அந்தப் பெயர்தான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பது அதைத்தான்; கட்டணமெல்லாம் 2023 கணக்கு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் அப்போது 80 டாலர். எங்கள் காரில் இருந்த எல்லோருக்கும் அது செல்லுபடியானது. கிராண்ட் கேன்யனுக்கு மட்டுமே ஒரு காருக்கு 35, ஆர்ச்சஸுக்கு 30 என்பதால் அந்த ஆண்டில் இன்னொரு பூங்காவுக்குப் போனாலே பாஸ் லாபம்தான். பெட்ரோல் 152. மூன்று இரவுகளில் ஓர் இரவு மோட்டல் 112, ஓர் இரவு ஆற்றோரக் கூடார இடம் 20, ஓர் இரவு இலவசம். பாஸ் செல்லாத இடங்களின் நுழைவுக்கட்டணம், ஐஸ், பால் எல்லாம் சேர்த்து மூன்று பேருக்கும் மொத்தம் 451 டாலர். சாப்பாட்டுக்கு ஓட்டல் பக்கமே போகவில்லை. புளியோதரை, தக்காளித் தொக்கு, சப்பாத்தி, ஐஸ்பெட்டியில் தயிர். அம்மா உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு கடிக்கத் தந்தாள். வெயிலில் நாக்கு வறண்டு தலை கிறுகிறுக்கும் நேரத்தில் அதற்கு ஈடாக எந்தக் கடைப் பானத்தையும் என்னால் சொல்ல முடியாது. தண்ணீருக்கு ஐந்து கேலன் கேன்கள் இரண்டு; ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்பது இங்குள்ள கணக்கு; அதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பீனிக்ஸிலிருந்து பிளாக்ஸ்டாஃப் 145 மைல். அந்தத் தூரத்துக்குள் சாலை ஏறக்குறைய 1,100 அடியிலிருந்து 7,000 அடிக்கு ஏறிவிடுகிறது. செங்குத்தான ஏற்றங்களில் எஞ்சின் சூடேறாமல் இருக்க ஏசியை நிறுத்தச் சொல்லும் பலகைகள் உண்டு. என் கார் 2011ஆம் ஆண்டு வண்டி. மூன்றரை மணி இருட்டில், ஜன்னலைத் திறந்துவிட்டு ஏறினோம். வெப்பமானி முள் அசையவே இல்லை. பகலில் ஏறியிருந்தால் எனக்கு வழி நெடுக அதே கவலையாக இருந்திருக்கும். விடியும்போது கள்ளிச்செடிகள் எல்லாம் மறைந்து, இருபுறமும் உயரமான பைன் மரங்கள். அப்பா குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கிராண்ட் கேன்யனைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கின் அடியில், ஒரு மைல் ஆழத்தில், கொலராடோ ஆறு அறுத்துக் காட்டும் கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு ஷிஸ்ட். ஏறக்குறைய 175 கோடி ஆண்டுப் பழமை. நாம் நிற்கும் மேல்விளிம்புச் சுண்ணாம்புப் பாறையோ 27 கோடி ஆண்டுதான். உள்ளே தனித்து நிற்கும் குன்றுகளுக்கும் விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களை இட்டுத் தொடங்கிவைத்த வழக்கம் அது. கோபுரம் போல அடுக்கடுக்காகக் குறுகி மேலேறும் விஷ்ணு கோயிலை அம்மாவுக்குக் காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

அன்றிரவு பூங்காவுக்கு வெளியே, கைபாப் தேசியக் காட்டில் கூடாரம் போட்டோம். காட்டுப் பாதைகளை ஒட்டி இப்படித் தங்குவதற்குக் கட்டணம் இல்லை. தண்ணீரும் கழிவறையும் கிடையாது, கொண்டுபோனதை எல்லாம் திரும்ப எடுத்துவர வேண்டும். அம்மாவுக்குக் காரின் பின்சீட்டை மடக்கிப் படுக்கை. நள்ளிரவில் குளிர் நடுக்கியது. பாலைவனப் பயணத்துக்குக் கம்பளி வேண்டும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் இன்னும் இரண்டு எடுத்து வந்திருப்பேன்.

மறுநாள் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலத்துக்குள் நுழைந்ததும் கைபேசியில் மணி ஒன்று கூடிவிட்டது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ தேசம் மாற்றுகிறது. அப்பா கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. சூரியனைப் பார்த்தே நேரம் சொன்னார், அது சரியாகவும் இருந்தது.

மான்யுமென்ட் வேலி நவஹோ மக்களின் பழங்குடிப் பூங்கா. இங்கே தேசியப் பூங்கா பாஸ் செல்லாது, தலைக்கு 8 டாலர். கையுறை மாட்டிய இரண்டு கைகளை நிமிர்த்தி வைத்தது போல மிட்டன் குன்றுகள் எதிரே நிற்கின்றன. உள்ளே 17 மைல் மண்பாதை உண்டு. எங்கள் தாழ்வான காருக்கு அது ஆகாது, ஜீப் சவாரி எங்கள் கைக்கு எட்டாது. மேட்டுத் தளத்திலிருந்தே காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பிறந்தது தேரிக்காட்டு ஓரம். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து, விரலிடுக்கில் வழியவிட்டு, "நம்ம தேரி இதைவிடச் சிவப்பு" என்றாள். அங்கும் இங்கும் மணலைச் சிவப்பாக்குவது இரும்புத்துருதான் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை, எஞ்சிய மணலை எடுத்த இடத்திலேயே தட்டிவிட்டாள்.

சாலையோரக் கடையில் ஒரு நவஹோ மூதாட்டி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தார். குழவியும் பலகையும் கிடையாது. உருண்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றித் தட்டுகிறார், அது தானே விரிகிறது. நடுவில் விரலால் ஒரு சிறு துளை; எண்ணெயில் போட்டதும் ஓரம் குமிழ்ந்து உப்புகிறது. அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தானும் காற்றில் தட்டிக் காட்ட, மூதாட்டி தலையாட்டி, மணிக்கட்டைத் தளர்த்தும்படி சைகை செய்தார். இந்த ரொட்டியின் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 1864இல் அமெரிக்க ராணுவம் இம்மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்தி போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்து வைத்தது. சோளமும் ஆடும் கொண்டு வாழ்ந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது கோதுமை மாவும் கொழுப்பும். அதைக் கொண்டு பிழைத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் சொந்த நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. காரில் ஏறிய பிறகு இதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த ரொட்டியை மெதுவாகத் தின்று முடித்தாள், பொடியைக்கூடச் சிந்தவில்லை.

செலவுக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று. அங்கிருந்து வடக்கே மெக்சிகன் ஹாட் ஊரைத் தாண்டினால் 'வேலி ஆஃப் த காட்ஸ்' வருகிறது. அதே செங்குன்றுகள், அதே 17 மைல் மண்பாதை. மழை இல்லாத நாளில் சாதாரணக் காரும் மெதுவாகப் போய்விடும். நுழைவுக்கட்டணமே இல்லை. மாலை ஆறு மணிக்கு நாங்கள் அதில் போனபோது எதிரே இரண்டே வண்டிகள் வந்தன. பக்கத்திலேயே கூஸ்நெக்ஸ், ஒரு காருக்கு 5 டாலர். 1,000 அடி ஆழத்தில் சான் ஹுவான் ஆறு வளைந்து வளைந்து ஆறு மைலுக்கு மேல் ஓடி, மேற்கே ஒன்றரை மைல்தான் நகர்கிறது.

அன்றிரவு மோட்டலில் தங்கினோம்; அடுத்த இரவு மோவாப் என்ற ஊர் அருகே கொலராடோ ஆற்றங்கரையில் கழிந்தது. ஆர்ச்சஸ் பூங்காவில் அந்த ஆண்டு காலை 7 முதல் மாலை 4 வரை நுழைய முன்பதிவு வேண்டியிருந்தது. 7 மணிக்கு முன்னால் போனவர்களுக்குத் தேவைப்படவில்லை. நாங்கள் ஐந்தேகாலுக்கே உள்ளே. இரட்டை வளைவின் கீழே அந்நேரத்தில் வேறு யாரும் இல்லை. 112 அடி உயரத்தில் கல் வானத்தைத் தாண்டிப் போகிறது. அப்பா பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இது எப்படி நிற்கிறது?" என்றார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் நான்கு நாளாகக் காத்திருந்தேன். உப்பு, அப்பா, என்றேன். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் புகுந்து வற்றி, ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்புப் படிந்தது. அதன்மேல் மணற்பாறை ஏறி அழுத்த, உப்பு பிசைந்த மாவு போல நகர்ந்து மேலே புடைத்து, பாறையை வரிவரியாகப் பிளந்தது. பிளவுகளுக்கு இடையே சுவராக நின்ற பாறைகளை மழையும் பனியும் குடைந்து வளைவுகள் ஆக்கின. பூங்காவுக்குள் ஒரு பள்ளத்தாக்குக்கே 'சால்ட் வேலி' என்று பெயர். அப்பா எழுந்து உட்கார்ந்து, கீழே தரையை உள்ளங்கையால் தடவினார்.

டெட் ஹார்ஸ் பாயின்ட் போவது திட்டத்தில் இல்லை. அது மாநிலப் பூங்கா, தனியாக 20 டாலர். பத்து மணியும் ஆகப்போகிறது. இருந்தாலும் வண்டியை அங்கே திருப்பினேன். ஆற்றுக்கு மேலே 2,000 அடி விளிம்பில் நின்று பார்த்தால், செம்பாறைக்கு நடுவே பளீரென்ற நீலத்தில் கட்டம் கட்டமாக நீர் தேங்கியிருப்பது தெரியும். ஆற்றுநீரைப் பூமிக்குள் செலுத்தி, பொட்டாஷ் உப்பைக் கரைத்து மேலே எடுத்து, பாத்திகளில் விட்டுக் காயவைக்கிறார்கள். வெயிலை நன்றாக உறிஞ்சட்டும் என்று நீலச்சாயம் கலக்கிறார்கள். காய்ந்து முடிய 300 நாள் ஆகும்.

"பாத்தி" என்றார் அப்பா. பிறகு, "அந்தப் பெரியது தெப்பம். அதிலிருந்துதான் மற்றதுக்குத் திறந்துவிடுவார்கள்" என்று விரல் நீட்டினார். எத்தனை என்று எண்ணத் தொடங்கி, இடையில் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். வெயில் ஏறிவிட்டது. நிழற்பந்தல் பின்னால்தான் இருக்கிறது, வாருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியது. அம்மா காரிலிருந்து குடையை எடுத்துவந்து, விரித்து, அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.