லென்ஸ் பெட்டிக்கு ஒரு கணப்பு

ஏற்காட்டில் ஆடி பிறந்தால் துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். போன வருஷம் ஒரு 50 எம்எம் லென்ஸ் அப்படித்தான் போனது. சூடு ஏறினால் ஈரப்பதம் இறங்குமே என்று இந்தத் தடவை பிளைவுட் பெட்டி ஒன்றுக்குள் லேசாகச் சூடு வைத்துப் பார்க்க இறங்கினேன். மழை நாளில் கரண்ட்டை நம்ப முடியாது என்று பழைய யூபிஎஸ் பேட்டரி, 12 வோல்ட் 7 ஏஎச் (ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏழு மணி நேரம் வரும் என்ற கணக்கு). அம்மா எட்டிப் பார்த்து, "லென்ஸுக்குக் கணப்பு போடறியாக்கும்?" என்றார்.

முதலில் மாட்டியது பைக் இண்டிகேட்டர் பல்பு, 10 வாட். மாட்டும் முன் மல்டிமீட்டரில் அதன் ரெசிஸ்டன்ஸை, அதாவது மின்தடையை, ஓம் கணக்கில் பார்த்தேன்: 1.7. இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் 0.5 காட்டியது. அது மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸ். கழித்தால் பல்புக்கு 1.2 ஓம். 12ஐ 1.2ஆல் வகுத்தால் 10 ஆம்பியர், அதாவது 120 வாட்! 10 வாட் பல்பு எப்படி 120 வாட் தின்னும்? மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று கொஞ்ச நேரம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மீட்டர் மேல் தப்பில்லை. பல்பை எரியவிட்டு அளந்தபோது 12.2 வோல்ட், 0.84 ஆம்பியர். வகுத்தால் 14.5 ஓம், பெருக்கினால் 10.2 வாட். டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் ரெசிஸ்டன்ஸும் ஏறுகிறது. ஆறிக் கிடக்கும்போது 1.2, எரியும்போது 14.5. பல்பைப் பொறுத்தவரை, எரியும்போது அளந்த வோல்ட்டும் ஆம்பியரும்தான் பேச வேண்டும்.

இதற்கிடையில் ஒரு கூத்து. ஆம்பியர் அளந்த சிவப்பு முனையை 10ஏ ஓட்டையிலேயே விட்டுவிட்டு, வோல்ட் பார்க்கிறேன் பேர்வழி என்று பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தேன். படார்! ஆம்பியர் அளக்கும் வழியில் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்லை, நேர் ஷார்ட். முனை கருகி, வயர் கையைச் சுட்டது. அந்த ஓட்டைக்கு ஃபியூஸ் கிடையாது என்று மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கிறது. அப்புறம்தான் படித்தேன்.

பெட்டிக்குள் வெளிச்சம் எதற்கு என்று பல்பைக் கழற்றிவிட்டேன். சேலம் போனபோது 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி வந்திருந்தேன். ஒன்றை மட்டும் மாட்டினால் 12.2 × 12.2 ÷ 10, கிட்டத்தட்ட 15 வாட், தாங்காது. இரண்டையும் சீரியஸில் (ஒன்றின் வாலில் இன்னொன்றாக) போட்டு அலுமினியத் தகட்டில் இறுக்கினேன். 12.3 வோல்ட், 0.61 ஆம்பியர், அதாவது 20.2 ஓம், 7.5 வாட். ஆறியிருந்தபோதும் ஏறக்குறைய இதே ஓம்தான். பல்பு மாதிரி ஆளை ஏமாற்றவில்லை.

ஒரு ராத்திரி ஓடியது. வெளியே 19 டிகிரி, ஈரப்பதம் 92 சதவீதம். உள்ளே 25 டிகிரி, 64. எனக்கு 50க்குக் கீழே வேண்டும். இன்னொரு ஜோடி ரெசிஸ்டரைப் பேரலலில் (பக்கத்தில் தனி வழியாக) சேர்த்தால் 15 வாட் கிடைக்கும், ஆனால் ஆம்பியரும் இரட்டிப்பாகும். 7 ஏஎச்சை 0.61ஆல் வகுத்தால் 11 மணி நேரம் வரவேண்டிய கிழட்டு பேட்டரி, இப்போதே ஆறு மணி நேரத்தில் மூச்சு வாங்குகிறது. சரி, சூட்டை இப்படியே விட்டு, அடுத்த வாரம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பார்க்கிறேன்.