மாலத்தீவுல ஒரு நாரை

அம்மாகிட்ட மாலத்தீவு போட்டோ காட்டிக்கினு இருந்தேன். நீலக்கடல், தண்ணி மேல கட்டின ரூமு எல்லாத்தையும் சர்ருனு தள்ளிட்டு ஒரு போட்டோல நின்னுட்டாங்க.

"இது நம்ம ஓட்டேரில தண்ணி இருக்கறப்ப நிக்குமே, அந்த நாரைதான? இத்த பாக்கவா அவ்ளோ செலவு பண்ணிக்கினு போன?"

ஆமா, அதே சாம்பல் நாரைதான்.

ரிசார்ட்ல மீன் கழுவுற நேரம் பாத்து கரெக்டா வந்துடும். கண்ணு மேல கறுப்பு கோடு, பிடரில தொங்குற கறுப்பு இறகு, கழுத்த மடிச்சிக்கினு அசையாம நிக்கும். ஆளு பக்கத்துல போனாகூட கண்டுக்காது. இங்க செல்போன எடுத்தாலே பறந்துடும்!

விடியக்காலைல குயில் வேற. அங்கயும் காக்கா இருக்குதே, அப்புறம் குயிலுக்கு இன்னா கவலை.

1200 தீவுக்குப் பக்கம் இருந்தாலும் எல்லாமே சின்னச் சின்ன பவளத்திட்டு, பெரிய காடு கெடயாது, அதனால நிலத்துப் பறவை கம்மி, கரையோரம் மேயறதுதான் அதிகம்னு கைடு சொன்னாரு, எனக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சி. அலை பின்னாடியே ஓடி ஓடிக் கொத்துற உள்ளான் பறவைய பாத்துக்கினே வலை ஊஞ்சல்ல தூங்கிட்டேன், பைனாகுலர் வயித்து மேலயே கெடந்துச்சு.