வோ-லெ-விகோம்த் தோட்டத்தில்

10 ஜூன் 2022, வெள்ளி, மெலன்

பாரிஸிலிருந்து மாலை ரயிலில் வந்து இறங்கினோம். வோ-லெ-விகோம்த் மாளிகை இவ்வூருக்கு அருகில்தான் இருக்கிறது. 14ஆம் லூயியின் நிதிப் பொறுப்பாளரான நிக்கோலா ஃபூக்கே, 1661 ஆகஸ்ட் 17 அன்று அங்கே அரசருக்கு விருந்தளித்தார். மூன்று வாரம் கழிவதற்குள் கைதானார். விருந்தின் ஆடம்பரமே அவரைக் கவிழ்த்தது என்று சொல்வதுண்டு. அதற்கு முன்பே அவருடைய போட்டியாளரான கோல்பேர் அவருக்குக் குழிபறிக்கத் தொடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

11 ஜூன், சனி

மாளிகையின் பின்படிகளில் நின்று பார்த்தால் தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. புல்வெளியும் குளங்களும் கடைசியில் ஒரு கற்குகை மண்டபமும், அதற்கு மேல் சரிவின் உச்சியில் பொன்முலாம் பூசிய ஹெர்குலிஸ் சிலையும் தெரிகின்றன. சதுரக் குளத்தின் மறுகரையிலேயே மண்டபம் இருப்பதாக எவரும் சத்தியம் செய்வார்கள். இத்தோட்டத்தை வடிவமைத்த ஆந்த்ரே லெ நோத்ர், தொலைவிலுள்ள குளங்களை அருகிலுள்ளவற்றைவிடப் பெரியவையாக அமைத்து, தூரத்தால் அவை சிறுத்துத் தெரியாதபடி கணக்கிட்டிருக்கிறார். சதுரக் குளத்தைக் கடந்து நடந்தபோதுதான், அதுவரை கண்ணில் படாத பள்ளத்தில், அன்கேய் ஆற்றைத் தடுத்து அமைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கால்வாய் குறுக்கே கிடப்பது தெரிந்தது. மண்டபமோ அதற்கு அப்பால் இருக்கிறது! நல்ல வெயிலில் கால்வாயைச் சுற்றிச் சென்று, மண்டபத்தில் சாய்ந்திருக்கும் டைபர், அன்கேய் நதித் தெய்வங்களின் சிலைகளைப் பார்த்தோம்.

மாளிகையை ஒட்டிய பூவேலைப் பாத்திகளில் கத்தரித்து வளர்த்திருந்த பாக்ஸ் என்னும் குறுஞ்செடிகளைப் பூஞ்சை நோயும் அந்துப்பூச்சியும் அழித்துவிட்டதால், 2019இல் அந்த இடத்தில் அலுமினியப் பட்டைகளைப் பதித்தார்கள். மாடிச் சன்னலிலிருந்து பார்க்கும்போது கோலம் எடுப்பாகவே இருக்கிறது. அருகில் சென்றால் கண் கூசுகிறது. செத்த செடிகளை அப்படியே விட்டுவைப்பதைவிட இது மேல் என்றுதான் எனக்குப் பட்டது.

12 ஜூன், ஞாயிறு

வெர்சாய் அரண்மனை. ஃபூக்கே வீழ்ந்தபின் அரசர் லெ நோத்ரையும், கட்டடக் கலைஞர் லெ வோவையும், ஓவியர் லெ ப்ரனையும் இங்கே பணிக்கு அமர்த்தினார். வோ-லெ-விகோம்த்தின் ஆரஞ்சு மரங்களும் இங்கே வந்து சேர்ந்தன. பரப்பில் இதற்கு ஈடில்லை. ஆனால் பெருங்கால்வாய் மாளிகையின் முன்னாலேயே நீண்டு கிடக்கிறது. நடந்துபோய்க் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. தண்ணீரும் அந்தக் காலத்தில் போதவில்லை: அரசர் நெருங்கும் திசையிலுள்ள ஊற்றுகளை மட்டும் திறப்பதற்காகப் பணியாளர்கள் சீழ்க்கையடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொன்னார்களாம்.