இறந்த நாள், இறந்த இடம்

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மெட்ராஸ் வாரத்துக்கு ஒரு பேச்சு வைப்பார்கள். துறைமுகத்தில் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், "கடல் சம்பந்தமா ஏதாவது பேசுங்க சார்" என்று போன வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே அழைப்பிதழுக்காக ஒரு படிவம்: யாரைப் பற்றிய பேச்சு, பிறந்த நாள், இறந்த நாள், இறந்த இடம். நான் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் தாமஸ் ட்ரூபிரிட்ஜ். அந்தக் கடைசி இரண்டு கட்டங்களும் என்னை இரண்டு மாதம் அலைய விட்டன.

1807 ஜனவரி 12 அன்று பிளென்ஹெய்ம் என்ற போர்க்கப்பலில் மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. எனக்கு முதலில் தெரிந்தது இவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வாழ்க்கை சுலபமாகக் கிடைத்தது. லண்டன்காரர். 1773ல் கடற்படையில் சேர்ந்து, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அட்மிரல் நெல்சனோடு ஒரே கப்பலில் பையனாக இந்தப் பக்கம் வந்தவர். 1782ல் நம் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையிலும் இருந்தார். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் அந்த டச்சுக் கோட்டைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. 1797ல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் இவருடைய கல்லோடன் கப்பல்தான் வரிசையின் முதல் கப்பல். அடுத்த வருடம் நைல் போரில் அதே கல்லோடன் மணல்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. கண்ணெதிரே சண்டை நடக்க, இரவு முழுக்கக் கப்பலை நகர்த்தப் பார்த்தபடியே நின்றிருக்கிறார். என்ன பாடுபட்டிருப்பார் மனுஷன்! பிறகு லண்டனில், கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி வாரியத்தில் மூன்று வருடம். 1805ல் திரும்பவும் இந்தியா. இங்கே ஏற்கெனவே எட்வர்ட் பெல்லூ தளபதியாக இருந்தார். ஒரே கடலை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி என்று லண்டன் சொல்ல, இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் இவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றினார்கள்.

இனிமேல்தான் சிக்கல். கடைசிப் பயணத்துக்கு பிளென்ஹெய்மின் லாக் புத்தகத்தை, அதாவது கப்பலின் தினக்குறிப்பை, பார்த்தால் போதும் என்று நினைத்தேன். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை வீட்டிலிருந்தே தேடலாம். கேப்டன்களின் லாக் ADM 51 என்ற வரிசையில், மாஸ்டர்கள் என்ற, கப்பலுக்கு வழி பார்க்கும் அதிகாரிகளின் லாக் ADM 52ல். மூன்று இரவு உட்கார்ந்து 1807ஐத் தேடினேன். நாலாவது நாள் காலை காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. லாக் கப்பலிலேயே எழுதி வைத்திருந்து, பிறகு கரையில் ஒப்படைப்பது. கப்பல் போனால் புத்தகமும் போச்சு. இதை ஒரு துறைமுக குமாஸ்தாவுக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? சொல்லியிருந்தால் மூன்று இரவு மிஞ்சியிருக்கும்.

சரி, திரும்பி வந்த கப்பல் எது? அன்று கிளம்பியவை மூன்று. பிளென்ஹெய்ம், முந்தைய அக்டோபரில்தான் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஜாவா, ஹேரியர் என்ற சிறிய கப்பல். இதில் ஹேரியர் மட்டும் நன்னம்பிக்கை முனையை அடைந்தது. காணாமல் போனவரைத் தேடுகிறவர்கள் முதலில் உடன் போனவரைத் தேடுங்கள். அந்தப் பெயரை வைத்துத் தேடிய பிறகு, அந்தக் காலத்து கடற்படை இதழ்களின் ஸ்கேன் பிரதிகளிலும் பழைய கடற்போர் வரலாறுகளிலும் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. பிப்ரவரி 1, பெரும்புயல். இரண்டு பெரிய கப்பல்களும் ஆபத்துக் கொடி காட்டியபடி இருந்தன, ஹேரியர் அவற்றைப் பிரிந்தது. அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தேதியிலும் ஒரு மாலை வீணானது. பழைய கப்பல் லாக்குகளில் நாள் நள்ளிரவில் மாறாது, நண்பகலில் மாறும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு தாளில் கட்டம் போட்டு எல்லாத் தேதிகளையும் மாற்றி எழுதினேன். அப்புறம் பார்த்தால், 1805லேயே அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டார்களாம். தாள் குப்பைக்கூடைக்குப் போனது.

இடம் இன்னும் மோசம். ஒரு புத்தகம் மடகாஸ்கர் என்கிறது, இன்னொன்று மொரிஷியஸுக்குக் கிழக்கே இருக்கும் ரொட்ரீக்ஸ் தீவு என்கிறது. பேத்தியின் அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இரண்டுக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஹேரியர் பிரிந்தது ரொட்ரீக்ஸ் பக்கம். மடகாஸ்கர், பின்னால் தேடல் நடந்த திசை.

தேடப் போனவர் யார் என்று தெரிந்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. கிரேஹவுண்ட் என்ற கப்பலின் கேப்டன், ட்ரூபிரிட்ஜின் மகன் எட்வர்ட். மொரிஷியஸ் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில், இரண்டு நாட்டுக்கும் போர். இருந்தும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி உதவியிருக்கிறார். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு கப்பலிலும் சேர்த்து எண்ணூறு பேருக்கு மேல்.

ஏன் மூழ்கியது என்பதற்குப் புயலை மட்டும் சொன்னால் போதாது. பிளென்ஹெய்ம் 1761ல் கடலில் இறக்கிய கப்பல். மூன்று தட்டாக இருந்ததை ஒரு தட்டு குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மலாக்கா நீரிணையில் தரை தட்டி அடிக்கட்டை விட்டுப்போயிருந்தது. நங்கூரம் போட்டு நிற்கும்போதே பம்பு அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நிலை. கேப்டன் ஆஸ்டன் பிசெல் கப்பல் தாங்காது என்று முறையாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அட்மிரல் கேட்கவில்லை. சர்வேயர் கடிதத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு "பார்த்துக்கலாம்யா" என்கிற மேலதிகாரிகளை நானும் பார்த்தவன்தான். இதில் வேடிக்கை, அவர் திறமை மேல் இருந்த நம்பிக்கையில் மெட்ராஸிலிருந்து பயணிகளும் ஏறியிருக்கிறார்கள். ஜனவரியில் நம் கடல் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் மொரிஷியஸ் பக்கம் அதுதான் புயல் காலம்.

உள்ளூர் ஆவணம் ஒன்றாவது வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு அறிமுகக் கடிதத்தோடு போனேன். அனுமதிக்கு மூன்று வாரம்.

"என்ன சார் தேடறீங்க?" என்றார் உள்ளே இருந்தவர்.

"ஒரு கப்பல்."

"இங்கயா?"

கேட்ட தொகுதி உதிரும் நிலையில் இருக்கிறது, தர முடியாது என்று கைவிரித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

வெறுங்கையோடு அப்படியே ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தேன். இப்போது அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் உச்சியில்தான் அந்த நாளில் கலங்கரை விளக்கம் இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், ஆட்கள் மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அட்மிரல் இந்தக் கரையில் கடைசியாகக் காலை வைத்து ஏறியதும் அப்படி ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

படிவத்தில் 'இறந்த நாள்' கட்டத்தில், "1807 பிப்ரவரி 1, கடைசியாகப் பார்த்தது" என்று எழுதினேன். 'இடம்' கட்டத்தில், "ரொட்ரீக்ஸ் தீவுப் பக்கம், கடல்". அழைப்பிதழ் அச்சாகி வந்தது. "மறைவு: 1.2.1807, சென்னை" என்று போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "கட்டம் பத்தலை சார்" என்றார் செயலாளர்.